வான்கோழியும் மூக்குப்பொடியும் - ஒரு ஐந்து நட்சத்திரக் கடற்கரையின் கதை

வில்லாபுரம் ஹவுசிங் போர்டில் நின்று கொண்டு "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மூன்று பதில் வரும். கிழக்கே போனால் ராமேஸ்வரம். தெற்கே போனால் திருச்செந்தூர். இன்னும் தெற்கே போனால் கன்னியாகுமரி. மூன்றுக்கும் பஸ் உண்டு, மூன்றிலும் கோயில் உண்டு. கோயில் இல்லாத கடலுக்குக் குடும்பத்தோடு போவது என்பது மதுரைக்காரர்களுக்கு ரொம்பப் புதுசு.

மதுரைப் பக்கத்தில் கடல் குளிக்கிற இடம் இல்லை, முழுக்குப் போடுகிற இடம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கிளம்புவார்கள். தூக்குவாளியில் புளியோதரை, ஒரு பை நிறைய மாற்றுத் துணி. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்தையும் தலையில் வாங்கி, ஈரத்தோடு வரிசையில் நின்று, சாயங்காலம் திரும்பி விடுவார்கள். தங்கினாலும் சத்திரம், மடம், இல்லாவிட்டால் ஒரு லாட்ஜ். ரூம் என்பது பையை வைத்துப் பூட்டுவதற்கு. பிள்ளைகள் ரூமிலேயே உட்கார்ந்திருந்தால் "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம்?" என்று தாத்தா சத்தம் போடுவார்.

ரிசார்ட்டில் கதை தலைகீழ். அங்கே ரூம்தான் டூரே! குடும்பம் நாள் முழுக்க அந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே வராது. கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடாவே இருக்கும், ஆனால் எல்லோரும் நீச்சல் குளத்தில் கிடப்பார்கள். இந்த வினோதப் பழக்கம் எப்படி வந்தது, அதற்கு இடம் எங்கிருந்து கிடைத்தது என்று பார்க்க வேண்டுமானால், தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற ஊர் கோவளம்தான்.

கேரளாக் கோவளம் இல்லை மக்களே. அங்கேயும் ஒரு பெரிய கடற்கரை ஓட்டல் கதை உண்டு. 1970களின் தொடக்கத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஓட்டல் அது. கன்னியாகுமரி பக்கமும் ஒரு கோவளம் இருக்கிறது. இங்கே சொல்வது சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் கோவளம். வெள்ளைக்காரர்கள் வாயில் அது 'கோவ்லாங்' ஆனது. அங்கே 1974-ல் தாஜ் குழுமம் தொடங்கியதுதான் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்'. தமிழில் சொன்னால் மீனவனின் சிறு வளைகுடா. தமிழ்நாட்டில் சொகுசுக் கடற்கரை ஓட்டல் என்ற பேச்சை எடுத்தால் முதல் தலைமுறை இதுதான்.

இந்த ஓட்டலைப் பற்றிய விளம்பரங்களிலும் சுற்றுலாத் தளங்களிலும் ஒரு வரி தவறாமல் வரும்: பழைய டச்சுக் கோட்டையின் மதில் மேல் எழுந்த ஓட்டல் என்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டச்சுக்காரர்களின் கோட்டை இருப்பது இன்னும் 30 கிலோமீட்டர் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில். இன்றும் போய்ப் பார்க்கலாம், தொல்லியல் துறை பராமரிக்கிறது. கோவளத்துக் கோட்டை வேறு. அதன் கதையை ராபர்ட் ஓர்ம் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். 1750களில் சென்னையில் கம்பெனி கவுன்சிலில் இருந்தவர், கிளைவின் நண்பர். அவருடைய போர் வரலாற்றின் முதல் பாகம் 1763-ல் வந்தது. நண்பர் எழுதியது என்பதால் கிளைவைப் பற்றிய இடங்களைக் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும் சம்பவங்கள் அட்டகாசம்.

முதலில் வந்தது ஆஸ்டெண்ட் கம்பெனி. பெயரே பலருக்குப் புதுசாக இருக்கும். இன்றைய பெல்ஜியம் அன்று ஆஸ்திரியப் பேரரசரின் கையில் இருந்தது. ஆங்கிலேயர், டச்சு, பிரெஞ்சு எல்லோரும் இந்தியாவில் சம்பாதிக்கும்போது நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722 டிசம்பரில் ஒரு கம்பெனிக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். மூலதனம் 60 லட்சம் கில்டர், தலா 1000 கில்டர் முகமதிப்பில் 6000 பங்குகள். 1723 ஆகஸ்டில் ஆண்ட்வெர்ப் நகரத்தில் பங்கு விற்பனையைத் திறந்தார்கள். மறுநாளே எல்லாம் விற்றுத் தீர்ந்து விட்டது! அந்த மாதமே பங்குகள் பிரீமியத்தில் கைமாறின. பி.காம் படிக்கிறவர்கள் ஐ.பி.ஓ பற்றிய பாடத்தில் இதை ஒரு உதாரணமாகச் சேர்த்துக் கொள்ளலாம், எக்ஸ்டர்னல் அசந்து போவார்.

இந்தக் கம்பெனிக்கு வங்காளத்தில் ஒரு தளம், சோழமண்டலக் கரையில் ஒரு தளம். இரண்டாவது நம் கோவளம். துணி வாங்கிக் கப்பலேற்றும் இடம். லாபம் நன்றாக வந்தது, அதுவே வினையானது. லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் சேர்ந்து நெருக்க, பேரரசர் 1727-ல் பட்டயத்தை நிறுத்தி வைத்தார். 1731-ல் வியன்னா உடன்படிக்கையோடு கம்பெனிக்கு மூடுவிழா. தன் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற நாடுகள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒரு கம்பெனியையே பலி கொடுத்தார். கோவளத்துக் கட்டடங்கள் பாழடைந்தன.

அடுத்து ஆற்காடு நவாப் அன்வருத்தீன். ஆஸ்டெண்ட்காரர்களின் இடிபாடுகளுக்கு வடக்கே, துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரத்தில், புதிதாக ஒரு கோட்டை கட்டினார். பெயர் சாதத் பந்தர். பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். அகழி கிடையாது, ஆனால் கனமான மதில், வட்டக் கொத்தளங்கள், அவற்றின் மேல் 30 பீரங்கிகள். இதுதான் பிற்பாடு டச்சுக் கோட்டை என்று பெயர் வாங்கப் போகிற கோட்டை. பாவம் நவாப்! 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அவர் செத்துப் போனார்.

1750-ன் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் போட்டு ஆபத்து சிக்னல் காட்டியது. படகில் போய் விசாரித்த ஆட்களிடம், கப்பலில் பலர் ஸ்கர்வி நோயில் செத்து விட்டார்கள், மிச்சமிருப்பவர்களைக் கரையில் இறக்காவிட்டால் அவர்களும் பிழைக்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். கோட்டை அதிகாரிக்கு இரக்கமும் வந்தது, நல்ல வெகுமதி கிடைக்கும் என்ற ஆசையும் வந்தது. சரி என்றார். எலும்பும் தோலுமாகப் பொறுக்கி எடுத்த முப்பது பிரெஞ்சுக்காரர்கள் முனகிக்கொண்டே கோட்டைக்குள் வந்தார்கள். சட்டைக்குள்ளே ஆயுதம். அன்று ராத்திரியே எழுந்து காவல்படையை மடக்கிக் கோட்டையைப் பிடித்து விட்டார்கள். வரலாற்றில் 'செக்-இன்' செய்து ஒரு இடத்தைக் கைப்பற்றியவர்கள் இவர்களாகத்தான் இருக்கும்!

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. அதே 1750-ல்தான் இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்று லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். குளிக்க மட்டும் இல்லை, குடிக்கவும் சொன்னார் (உவ்வே!). பிரைட்டன் என்ற மீனவ ஊருக்கு நோயாளிகளை அனுப்பினார். நோயாளிகளின் பின்னால் பணக்காரர்கள், பணக்காரர்களின் பின்னால் ஓட்டல்கள். 1789-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே குடும்பத்தோடு வேமத் கடற்கரைக்குப் போய் இறங்கினார். உடம்பு தேற வேண்டும் என்று கடற்கரையில் ரூம் எடுக்கும் பழக்கம் அங்கேதான் ஊன்றியது. இன்று ரிசார்ட்டில் ஸ்பா இல்லாமல் இருக்காது என்றால், அந்த ஸ்பாவின் கொள்ளுத்தாத்தா ரஸ்ஸல் டாக்டர்.

சரி, கோட்டைக்குத் திரும்புவோம். 1752 செப்டம்பரில் கிளைவ் வந்தார். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய அதே கிளைவ்தான், ஆனால் இந்தத் தடவை கூட வந்த படை படு மோசம். லண்டன் தெருக்களிலும் சிறைகளிலும் அள்ளிக்கொண்டு வந்த 200 புது ஆட்கள். கூட, புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். கோட்டையிலிருந்து ஒரு குண்டு வந்து ஒருவனைச் சாய்த்ததும் மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடி விட்டார்கள். ஒருவனை மறுநாள் தேடிப் பிடித்தபோது ஒரு கிணற்றுக்குள் ஒளிந்திருந்தானாம். கிளைவ், குண்டு விழும் இடத்தில் தானே போய் நின்று காட்டி, வெட்கப்பட வைத்து அவர்களை நிறுத்தினார் என்கிறார் ஓர்ம். (உப்பு தேவைப்படும் இடம் இதுதான்.)

சில நாட்களில் கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சு அதிகாரி சரணடைவதாகச் சொல்லி அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: என் சொந்தச் சரக்கை நான் எடுத்துப் போக விட வேண்டும். கிளைவ் ஒத்துக்கொண்டார். கதவு திறந்தது. சரக்கு வெளியே வந்தது. பார்த்தால், ஒரு பெரிய கூட்டம் வான்கோழிகள், கூடவே மூட்டை மூட்டையாக மூக்குப்பொடி! மனுஷன் கோட்டைக்குள் உட்கார்ந்து சைடில் யாவாரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கொத்தளம் போனால் போகட்டும், ஸ்டாக் போகக்கூடாது. அவர் போன பிறகு உள்ளே புகுந்த ஆங்கிலேயர்களுக்கு இன்னொரு ஆச்சரியம். மதில் மேல் இருந்தவை போக 50 பெரிய பீரங்கிகள் கிடந்தன. எல்லாம் 1746-ல் லாபூர்தொனே சென்னையைப் பிடித்தபோது தங்களிடமிருந்து போன பீரங்கிகளே.

கோட்டையை வைத்துக்கொள்ளவில்லை. வெடி வைத்துத் தகர்த்து விட்டார்கள். உடம்பு கெட்டுப்போன கிளைவ் 1753-ல் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்குக் கப்பலேறினார். அந்தச் சண்டைகளின் வால் மதுரை வரை நீண்டது. கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்து, மதுரையை ஆண்டு, பிறகு கம்பெனியையே எதிர்த்து நின்ற யூசுப் கானை 1764-ல் மதுரையில்தான் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. பெரியார் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகும் தூரம்தான், அதற்கு விளம்பரம் யாரும் கொடுப்பதில்லை.

அதன் பிறகு 200 வருடங்களுக்கு மேல் கோவளம் மீனவ ஊர். கட்டுமரம், வலை, கருவாடு. தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில். அந்தத் தேவாலயத்தோடு தொடர்புடையவர் ஜான் டி மாண்டி என்ற போர்ச்சுக்கீசிய வணிகர். அவருடைய கல்லறையும் அங்கேதான். பெயரைக் கேட்டதும் முதுகு சிலிர்க்கிறதா? ஆமாம், ஆழ்வார்பேட்டை 'டிமான்டி காலனி'க்குப் பெயர் கொடுத்த அதே ஆள்தான். 2015-ல் வந்த பேய்ப்படத்துக்கும் அவருக்கும் பெயரைத் தவிர வேறு சம்பந்தம் தேட வேண்டாம்.

இப்போது 1974. ஏன் அந்த வருடம்? அதே ஆண்டில்தான் தாஜ் குழுமம் சென்னையில் கோரமண்டல் ஓட்டலையும் திறந்தது, கோவாவில் அகுவாடா கோட்டையை ஒட்டிக் கடற்கரை ஓட்டலையும் திறந்தது. அகுவாடா நிஜமாகவே போர்ச்சுக்கீசியர்கள் 1612-ல் முடித்த கோட்டை. 1983-ல் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்கள் டெல்லி மாநாட்டுக்கு நடுவே ஓய்வெடுக்கக் கோவாவுக்குத்தான் போனார்கள். கோட்டை இருந்த இடத்தில் ஓட்டல் வருவது தற்செயல் இல்லை. கப்பலைப் பார்க்க ஏற்ற மேடு, படகு ஒதுங்க ஏற்ற வளைவு, நகரத்திலிருந்து எட்டும் தூரம்... பீரங்கிக்குத் தேவையானது எல்லாம் 'சீ வியூ' ரூமுக்கும் தேவை.

ஆனால் அன்று வந்தவர்கள் வெளிநாட்டுக்காரர்களும் கம்பெனிப் பெரிய மனிதர்களும்தான். நடுத்தரக் குடும்பம் கடலுக்குப் போக, அரசு 1971-ல் தொடங்கிய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மாமல்லபுரம் காட்டேஜ் இருந்தது, அதுவும் இல்லாவிட்டால் வி.ஜி.பி-யில் சிரிக்காத சிலை மனிதர். நடுத்தரக் குடும்பத்துக்கு முதலில் தேவைப்பட்டது பணம் இல்லை, லீவு. 1936-ல் பிரான்ஸ் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தது, 1938-ல் பிரிட்டன் சட்டம் போட்டது. இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டம், 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சம்பள விடுப்பு தந்தது. 1956-ல் மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி வந்தது. வருமான வரியில் 1961 சட்டத்தின் 10(5) பிரிவு, நான்கு வருடத்தில் இரண்டு பயணத்துக்குச் சலுகை கொடுத்தது. அதில் ஒரு நுணுக்கம்: சலுகை டிக்கெட்டுக்கு மட்டும்தான், ரூம் வாடகைக்கு இல்லை. கன்னியாகுமரி வரை போக அரசு உதவும், அங்கே எங்கே படுப்பது என்பது உங்கள் பாடு. பழைய சத்திரக் கணக்குத்தான்!

ஐந்து நட்சத்திர ரூமைப் பொறுத்தவரை அரசின் பார்வை பாவத்துக்கு வரி போடும் பார்வை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது 7500 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ரூமுக்கு 28 சதவீதம். 2019 அக்டோபரில் 18 ஆகக் குறைந்தது. குடும்பங்கள் பெட்டி கட்ட ஆரம்பித்ததில் இதற்கும் பங்கு உண்டு, சாலைக்கும் உண்டு, சாஃப்ட்வேர் சம்பளத்துக்கும் உண்டு.

இதெல்லாம் ரூம் எடுக்கிறவர்களின் கணக்கு. மணலுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. அதைப் பேசாமல் கோவளத்தைப் பற்றி எழுதி முடிக்க முடியாது.

1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் வேண்டாம் என்று. 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை சட்ட பலத்தோடு வந்தது. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்றது. 1974-ல் எழுந்த ஓட்டல் இதற்கு முந்தியது, அதனால் அந்த மாதிரி இடம் இன்னொருவருக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதிலேயே அதன் மவுசு பாதி. 2019 ஜனவரியில் வந்த புது அறிவிக்கை, ஜனநெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறக் கடற்கரைகளுக்கு அந்த 200-ஐ 50 ஆக்கியது. 500, 200, 50. ஆடித் தள்ளுபடி கூட இந்த வேகத்தில் இறங்காது.

நடுவில் 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, லீவு சீசன். தாய்லாந்திலும் இலங்கையிலும் குடும்பத்தோடு கடற்கரை ஓட்டல்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அலை தூக்கிக்கொண்டு போனது. தமிழ்நாட்டில் செத்தவர்களில் பெரும்பகுதி மீனவக் குடும்பங்கள். அதற்குப் பிறகு 2005-ல் அரசு ஒரு திட்டம் சொன்னது: 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, ஆனால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். கரையோர ஊர்களில் கிளம்பிய கேள்வி நியாயமானது. கடல் ஆபத்து என்று எங்களை உள்ளே அனுப்புகிறீர்கள், அதே கடலைக் காட்டி ரூம் வாடகை வாங்குபவர்களுக்கு அந்த ஆபத்து இல்லையா? மீனவனுக்குக் கடல் தெரியாவிட்டால் பிழைப்பு இல்லை. காற்று, நீரோட்டம், மீன் கூட்டத்தின் நிறம் எல்லாம் கரையில் நின்று பார்க்க வேண்டியவை. வலை காயப் போடவும் படகு ஏற்றவும் மணல் வேண்டும். பட்டா இல்லாத அந்த மணல்தான் அவர்களுடைய ஒர்க்‌ஷாப். ஓட்டல்கள் வந்ததால் சிலருக்கு வேலை கிடைத்ததும் உண்மை, மீன் விற்றதும் உண்மை. அதற்காக ஒர்க்‌ஷாப்பை விட முடியுமா என்ன?

தண்ணீரும் அப்படித்தான். நீச்சல் குளத்தைப் பார்த்தால் வில்லாபுரத்துக்காரர்களுக்கு வேறு ஒரு நினைப்பு வரும். இங்கே குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி, 1997 ஏப்ரல் 23-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அவர் இடைஞ்சலாக இருந்தார். ஒரு குடம் தண்ணீருக்கு இந்த ஊர் கொடுத்த விலை அது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, 2024-ல் இரண்டாவது ஆலையும் வந்தது. இரண்டும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர், சென்னைக்காக. ரஸ்ஸல் டாக்டர் சொன்னது ஒருவிதத்தில் பலித்து விட்டது, கடல்நீரைக் குடிக்கத்தான் செய்கிறார்கள், உப்பை எடுத்து விட்டு!

கடைசியாக, போக நினைப்பவர்களுக்கு. கோவளம் கடற்கரைக்கு 2021-ல் 'நீலக் கொடி' சான்றிதழ் கிடைத்தது. ஆஸ்டெண்ட், நவாப், பிரெஞ்சு, இங்கிலீஷ் என்று நான்கு கொடி பார்த்த கரையில் இது ஐந்தாவது. சுத்தமான மணல், கழிப்பறை, குளிக்கக் குறித்த இடம் எல்லாம் உண்டு. ஊர்ப் பையன்கள் அலைச்சறுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள், அவர்களில் பலர் மீனவ வீட்டுப் பிள்ளைகள். ரூம் எடுக்காமலே, தூக்குவாளியில் புளியோதரையோடு போய் உட்காரலாம். கார்மேல் மாதா கோயிலையும் தர்காவையும் பார்த்து விட்டு, சாயங்காலம் பஸ் பிடித்தால் எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ். விடிந்தால் மதுரை.